கிக்கரின் சொந்த ஊர்

1

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகக் கூட்டத்தில் மும்முரமாகக் குறிப்பெடுப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, என் மகன் படிக்கும் கல்லூரியின் கால்பந்து அணிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம்தான் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும். ஒரு பந்தி தாராளமாகப் போடலாம். எண், பெயர், ஆடும் இடம், உயரம், எடை, எத்தனையாம் ஆண்டு, சொந்த ஊர் என்று கட்டம் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கம் ஜாதகத்தில்கூட எடையைப் போட மாட்டார்கள்.

நாற்பத்து மூன்றாம் எண், கவின். கிக்கர். ஐந்தடி பத்தங்குலம். எடையைக் கிலோவுக்கு மாற்றினால் எழுபத்தைந்து. அதில் ஐந்து கிலோ கல்லூரி இரக்கப்பட்டுச் சேர்த்தது. சொந்த ஊர்: ஃபிரிஸ்கோ, டெக்சஸ்.

அதற்குக் கீழே இன்னொரு தாள். முதல் ஆட்டத்தில் எந்த இடத்தில் யார் முதலில் இறங்குவார், அவருக்கு அடுத்து யார் என்ற வரிசை. கிக்கர் என்ற இடத்துக்கு நேரே முதல் பெயராகக் கவின் இருந்தான். இரண்டு வருடமாக மூன்றாம் பெயராகக் கிடந்தவன்.

"அடிச்சான்டா!" என்று கத்திவிட்டேன். ஒலிவாங்கி திறந்திருந்தது. பதினான்கு பேர் திரையில் அசையாமல் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர், "உங்களுக்கு ஏதாவது கருத்து இருக்கிறதா?" என்றார். "இல்லை, எல்லாம் பிரமாதம்" என்றேன். நான் சோதித்துப் பார்க்காத எந்த மென்பொருளுக்குச் சம்மதம் சொன்னேன் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

இந்தச் சந்தோஷம் கூட்டம் முடியும்வரைகூடத் தாங்கவில்லை. முதல் ஆட்டத்தின் தேதியைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை கவின் சென்னையில் இருப்பான். அவனை அங்கே அனுப்பத் தேதி வாங்கியவன் நான்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே கால்பந்து என்று சொல்லப்படும் விளையாட்டில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், கையால் எறிவார்கள், அக்குளில் இடுக்கிக்கொண்டு விழுவார்கள். பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். இத்தனை அமளிக்கு நடுவே எப்போதாவது ஒல்லியான ஒருவனைக் கூப்பிட்டு, இதைக் காலால் உதை என்பார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. போகாவிட்டால் அந்த வாரம் முழுக்க ஊர் அவனைத்தான் பேசும். உதைத்ததும் அவன் மறுபடி பெஞ்சுக்குப் போய்விடுவான். அவனுக்குத்தான் கிக்கர் என்று பெயர்.

இந்த வருட அணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முன்வரிசையில் ஐந்து தடியர்கள் இருக்கிறார்கள். லாரி வந்து மோதினால் லாரிக்குத்தான் சேதம். பந்தை எறிபவனுக்கு நல்ல தோள். ஆனால் பயந்துவிட்டால் எதிரணிக்காரன் கையிலேயே எறிவான். எனக்கு அவனைப் பிடிக்கும், நம்ம ஆள். ஓடுகிறவர்கள் வேகமாக ஓடுகிறார்கள். மொத்தத்தில் எண்பது கெஜம் அழகாகப் போய், கடைசி இருபது கெஜத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அணி. இப்படிப்பட்டவர்களுக்குக் கிக்கர்தான் கதி.

கவினுக்கு உதவித்தொகை எதுவும் கிடையாது. தானாகப் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு நின்றவன். ஆகஸ்ட் முதல் வாரப் பயிற்சியில் முதல் கிக்கருக்குத் தொடைத் தசை கிழிந்தது. அதற்கடுத்த பத்து நாளில் டைலர் என்ற பையனை முந்திக்கொண்டு கவின் மேலே வந்தான். டைலர் இப்போது இரண்டாவது.

கவின் இதையெல்லாம் எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஜூலை மாதத்துக்குப் போக வேண்டும்.

3

என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் கவின் இந்த நாட்டில் இருக்கிறான். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து நான்கு வயதில் வந்தான். வருகிற அக்டோபரில் இருபத்தொரு வயது. அன்றோடு அந்த வால் அறுந்துவிடும். அதற்குள் எங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வராவிட்டால் அவன் தனியாக மாணவர் விசாவுக்கு மாற வேண்டும்.

ஜனவரியிலேயே எங்கள் விசா வக்கீலம்மா சொன்னார், இங்கிருந்தபடியே மாற்ற மனுப் போட்டுவிடுங்கள், பல மாதம் ஆகும் என்று. நான் போடவில்லை. மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒன்று வரும். கிரீன் கார்டு வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று சொல்லும். அதை நான் எக்செல்லில் ஏற்றி, கோடு போட்டு, அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்தேன். செப்டம்பரில் எங்கள் முறை வந்துவிடும் என்றது கோடு. இந்த நாட்டில் என்னைப்போல் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இதே கோட்டைப் போட்டுவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒருவன் கோடும் பலித்ததில்லை. ஜூன் மாதம் வரிசை நகரவே இல்லை. ஜூலையில் பின்னால் போனது.

அப்புறம் எனக்கு வந்ததே ஒரு பீதி! இப்போது மனுப் போட்டால் பதில் பிறந்தநாளுக்குப் பிறகு வரலாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார் வக்கீலம்மா. "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவது? சென்னைக்குப் போய் நேர்காணல் முடித்து விசா குத்திக்கொண்டு வந்தால் சுத்தமாக முடியும் என்று நானே தீர்மானித்தேன். நான்கு நாள் மதிய உணவைத் தியாகம் செய்து நேர்காணல் தேதி கொடுக்கும் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒரே ஒரு தேதி முளைத்தது. அமுக்கிவிட்டேன். எந்த வாரம் என்றுகூடப் பார்க்கவில்லை. ஜெயித்த களிப்பில் கவினுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, தேதி கெடைச்சுருச்சு! ஆகஸ்ட் கடைசி வியாழக்கிழமை."

"அப்பா, தட்ஸ் கேம் வீக்."

"எந்த கேம்?"

"ஃபர்ஸ்ட் கேம், அப்பா. சாட்டர்டே."

"அட, நீ பெஞ்சுல தானடா உக்காரப் போறே? ஒரு மேட்ச் உக்காராட்டி என்ன, பெஞ்சு அழுவுமா?"

நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைத்து நானே சிரித்தேன். "ஓகே, அப்பா" என்று வைத்துவிட்டான்.

கோவையில் பொறியியல் படித்தபோது கிரிக்கெட் அணியின் அறிவிப்புப் பலகையில் மூன்று வருடம் என் பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது. தண்ணீர்க் கேனோடு மைதானத்துக்குள் ஓடும்போது யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்றிருக்கும். பெஞ்சு என்றால் என்னவென்று தெரிந்த வாயிலிருந்துதான் அது வந்தது.

4

பட்டியல் வந்த அன்று மாலை நேர்காணல் தேதியை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். அடுத்த காலியிடம் பிறந்தநாள் தாண்டி நவம்பரில் இருந்தது.

"மேட்ச் வரும் போகும். புள்ள இந்த ஊருல இருக்க வேண்டாமாங்க?" என்றாள் என் மனைவி சுமதி. இருபத்து மூன்று வருடத்தில் அவள் சொல்லி நான் எதிர்த்து ஜெயித்ததாக வரலாறு இல்லை. கவினிடம் கேட்டதற்கு, "நான் போறேன், அப்பா. ஐ டோல்ட் கோச்" என்று முடித்துவிட்டான். கோச் அவன் தோளில் கை போட்டு, குடும்பம்தான் முதலில் என்றாராம். கூடவே, அந்த இடம் யார் நன்றாக உதைக்கிறார்களோ அவர்களுடையது என்றும் சொன்னாராம். அதில் மறைபொருள் எதுவும் இல்லை.

மாணவர் விசா நேர்காணலில் முக்கியமாக ஒன்றைக் காட்ட வேண்டும். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன், என் வேர் அங்கேதான் என்று காட்ட வேண்டும். நான்கு வயதில் வந்தவன், கோபியில் எந்தப் பக்கம் பஸ் நிலையம் என்று தெரியாதவன், வேரைக் காட்ட வேண்டும். அந்த நினைப்போடு மறுபடி பட்டியலைத் திறந்தேன். சொந்த ஊர்: ஃபிரிஸ்கோ, டெக்சஸ். எனக்கு வியர்த்துவிட்டது. நேர்காணல் எடுக்கும் அதிகாரி இவன் பெயரைத் தேடிப் பார்த்தால்?

விசா பயத்தில் இருப்பவன் செய்கிற எல்லாக் காரியத்தையும்போல, இதையும் நான் மிகுந்த தெளிவோடு செய்தேன். கல்லூரி விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். என் மகனின் சொந்த ஊர் தவறாகப் பதிவாகியுள்ளது, கோபிச்செட்டிபாளையம், இந்தியா என்று திருத்த வேண்டும், பிறப்புச் சான்றிதழ் இணைப்பில் உள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறேன். அரை நாளில் திருத்திவிட்டார்கள். பதினேழு வருடமாக எனக்கு ஒரு காகிதம் இவ்வளவு வேகமாக நகர்ந்ததே இல்லை. பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கவின் கூப்பிட்டான்.

"அப்பா, டிட் யூ சேஞ்ச் மை ஹோம்டவுன்?"

"விசாவுக்குத்தான் கண்ணு. ஒரு சேஃப்டிக்கு."

"லாக்கர் ரூம்ல எல்லாரும் கேக்கறாங்க. ஐ கான்ட் ஈவன் ஸ்பெல் இட், அப்பா."

"அவங்க ஸ்பெல்லிங் எல்லாம் கேக்க மாட்டாங்க."

"தட்ஸ் நாட் தி பாயின்ட்" என்றான். சுமதி ரசத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்துவிட்டு, "ஊரை மாத்தறதுன்னா சட்டை மாத்தற மாதிரிங்களா?" என்றாள்.

5

சனிக்கிழமை விமானம் ஏற்றிவிட்டோம். கவின் பையில் உதைக்கிற காலணியும் இருந்தது. சென்னையில் எங்கே உதைப்பாய் என்று கேட்டேன். மாமா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறதாம், பார்த்துவைத்திருக்கிறான். சுமதியின் தம்பி வேளச்சேரியில் இருக்கிறான், அங்கேதான் தங்கல்.

வேறு வேலை செய்யத் தோன்றாமல், வருகிற எதிரணியை ஆராய்ந்தேன். ஓக்லஹோமாவிலிருந்து வருகிறார்கள். பந்தை எறிபவன் மூன்றாம் ஆண்டு, பதற்றமே இல்லாத முகம். அவர்கள் முன்வரிசையில் ஒருவன் இருக்கிறான். எடையைக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்தேன். இரண்டரை மூட்டை சிமெண்ட். அவன் வேலையே கிக்கர் உதைக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு பாய்வதுதான். அவனுடைய பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தப் பக்கமாகப் பாய்கிறான் என்று எக்செல்லில் குறித்தேன். கவின் அங்கே இல்லை என்பது ஏழாவது வரியில் ஞாபகம் வந்தது. இருந்தாலும் கோப்பை அவனுக்கு அனுப்பிவைத்தேன். "தேங்க்ஸ், அப்பா. யூஸ்ஃபுல்" என்று பதில் வந்தது. கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை போனில் நேர்காணல் ஒத்திகை நடத்தினேன். "படிச்சு முடிச்சு என்ன பண்ணுவே?" "கோ பேக் டு இந்தியா." "எந்த ஊருக்கு?" "கோபி." "கோபில என்ன இருக்கு?" அதற்குக் கொஞ்சம் யோசித்து, "பெரியப்பா" என்றான். என் அண்ணன் அவினாசிக்குக் குடிபோய் ஆறு வருடமாகிறது. நான் திருத்தவில்லை.

6

வியாழக்கிழமை, டெக்சஸ் நேரம் அதிகாலை, செய்தி வந்தது. பாஸ்போர்ட்டோடு ஒரு சீட்டையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலாகப் பரிசீலிக்க வேண்டும், முடிந்ததும் தெரிவிக்கப்படும். எப்போது என்று அதில் இல்லை; அதுவரை அவன் திரும்பி வர முடியாது.

உடனே கூப்பிட்டேன். "என்னடா கேட்டாங்க?"

"அமெரிக்கால என்ன பண்றேன்னு கேட்டாங்க. கிக்கர்னு சொன்னேன். ஷீ லைக்ட் இட்."

"அப்பறம்?"

"வேர் இஸ் ஹோம்னு கேட்டாங்க."

"கோபின்னு சொன்னியா?"

அந்தப் பக்கம் ஆட்டோ ஒன்று அலறிக்கொண்டு போனது. "ஃபிரிஸ்கோன்னு சொல்லிட்டேன், அப்பா. அவங்க சும்மா கேட்டாங்க. வாய்ல வந்துருச்சு."

அதனால்தான் சீட்டுக் கொடுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. வக்கீலம்மா, இருக்காது, வழக்கமான பரிசீலனையாகத்தான் இருக்கும் என்றார். எத்தனை நாளாகும் என்றேன். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்குப் பல மாதம் என்றார். இங்கேயே மனுப் போட்டிருந்தால் இன்று அவன் மைதானத்தில் இருந்திருப்பான் இல்லையா என்று கேட்டேன். அவர் நல்லவர். அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்.

பீதியடைந்தவன் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு மகனை வெளியே விட்டுவிட்டான். என்னை நானே கிண்டல் செய்துகொள்வது எனக்குப் பழக்கம்; வழக்கமாகச் சிரிப்பு வரும்.

7

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுமதிதான், "ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கான் புள்ள. நீங்களாவது போங்க, நான் போனுகிட்டயே இருக்கறேன்" என்று தள்ளிவிட்டாள். நான்கு மணி நேரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டக்காரர்களின் பெற்றோருக்கென்று ஒரு பகுதி. பக்கத்து இருக்கையில் டெப்ரா என்ற பெண்மணி, டைலரின் அம்மா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. அச்சிட்ட புத்தகத்தைப் புரட்டி நாற்பத்து மூன்றைக் கண்டுபிடித்து, அந்த நீளமான ஊரை எழுத்தெழுத்தாகப் படிக்க முயன்று சிரித்தார். அப்புறம் என் கையைத் தொட்டு, ஏதோ குடும்ப விஷயமாக ஊருக்குப் போயிருக்கிறானாமே, எப்படியோ பையன் தன் சொந்த வீட்டில் இருக்கிறான், அது எவ்வளவு நல்ல விஷயம் என்றார். நான் தலையாட்டினேன்.

கூட்டம் மொத்தமும் சிவப்புச் சட்டை. வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தை எறிகிற நம்ம ஆள், நான் சொன்னபடியே பயந்து இரண்டு முறை எதிரணிக்கு எறிந்தான். மூன்றாம் கால் பகுதியில் டைலர் முதன்முறையாக உதைக்க வந்தான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. சுற்றிலும் ஓ என்று ஒரு பெருமூச்சு. டெப்ரா முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்குள் என்னவோ குளிர்ந்தது. என்ன குளிர்ந்தது என்று எனக்குத் தெரியும். இவன் தவறவிட்டால் இடம் கவினுக்குக் காத்திருக்கும். ஒரு மாதம் ஆனாலும் காத்திருக்கும். இவன் அடித்துவிட்டால் நாற்பத்து மூன்று என்று ஓர் எண் இருந்ததையே இந்த ஊர் மறந்துவிடும்.

ஆட்டம் முடிய நான்கு விநாடி. எங்கள் அணி இரண்டு புள்ளி பின்னால். நாற்பத்தொரு கெஜத்திலிருந்து டைலர் மறுபடி வந்தான். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. டெப்ரா என் வலது மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடி, வாய்க்குள் ஜெபம் செய்தார். நானும் செய்தேன். பச்சைமலை முருகனையும் பாரியூர் அம்மனையும் டெக்சஸ் மாநிலத்தின் நடுவில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு அழைத்து, பக்கத்தில் நிற்கிற இந்தப் பெண்ணின் பிள்ளை உதைக்கும் பந்து வெளியே போகட்டும் என்று கேட்டேன். வேண்டுதல் என்று எதையும் அவ்வளவு மனசாரக் கேட்டதில்லை.

இரண்டரை மூட்டை சிமெண்ட் கையைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கமாகப் பாய்ந்தான். டைலர் அதற்கு ஓர் அடி இடப்பக்கமாக உதைத்தான். பந்து அவன் விரலுக்குத் தப்பி, எழும்பி, இரண்டு கம்பத்துக்கும் நட்டநடுவே போய் விழுந்தது.

மைதானம் வெடித்தது. டெப்ரா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். என் தோளில் அவர் கண்ணீரும் வியர்வையும். காதருகே வாயை வைத்துக் கத்தினார்: உங்கள் பையன்தான், உங்கள் பையன்தான்! இந்த வாரம் முழுக்கத் தினமும் டைலரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். அந்தப் பெரியவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று ஏதோ ஒரு தாள் அனுப்பியிருக்கிறான். அதைச் சமையலறையில் ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தார்களாம்.

அவர் கையை விட்டபிறகு பார்த்தேன், சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.

கார் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கவின் கூப்பிட்டான். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. மாமா வீட்டில் எல்லோரும் தூங்குவதால் குசுகுசுவென்று பேசினான்.

"அப்பா, பாத்தியா? ரைட் டவுன் தி மிடில்!"

"பாத்தேன் கண்ணு."

"டைலர் வாஸ் ஸோ ஸ்கேர்ட், பாவம். மிஸ் பண்ணதுக்கு அப்பறம் நான் ரொம்ப பயந்துட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டான். "யூஷுவலி நோ ஒன் கிளாப்ஸ் ஃபார் எ கிக்கர், யு நோ. நீ தட்டினல்ல?"

"தட்டினேன்" என்றேன்.

அது பொய் இல்லை. எப்போது தட்ட ஆரம்பித்தேன் என்று அவன் கேட்கவில்லை.